அம்மாவின் "கொஞ்சம்" எத்தனை கிராம்?

முன்குறிப்பு: இது சமையல் குறிப்பு இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் சாம்பார் வைக்க முடியாது. சாம்பார் வைக்கும் விதத்தை எப்படி எழுதி, எங்கே அடுக்கி வைப்பது என்பதுதான் விஷயம்.

போன செமஸ்டர் லீவில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. என்னோடு படிக்கிறவர்களுக்குத் தெரியும், சும்மா இருந்தால் நான் எதையாவது எடுத்து எக்செல்லில் போட்டு அடுக்க ஆரம்பித்துவிடுவேன். (படிப்பது புள்ளியியல். அங்கே போனதால் இந்த வியாதி வந்ததா, வியாதி இருந்ததால் அங்கே போனேனா தெரியவில்லை.) அந்த லீவில் என்னிடம் மாட்டியது அம்மாவின் சமையல் குறிப்புகள்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. அதற்குள் ஒரு வங்கி இலவசமாகக் கொடுத்த 1996ஆம் வருஷத்து டைரி. வாரப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்த துண்டுகள். பெண்கள் பத்திரிகைகளோடு இலவச இணைப்பாக வந்த புத்தகங்கள் பதினொன்று (அதில் பாதிக்கு மேல் "30 வகை" என்றுதான் தலைப்பே ஆரம்பிக்கும்). கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிய மைசூர்பாகு. தினசரி காலண்டரில் கிழித்த தாளில் தக்காளித் தொக்கு. இது போதாதென்று அம்மாவின் போனில் வாட்ஸாப்பில் வந்தவை, ஸ்க்ரீன்ஷாட்கள், அப்புறம் பார்க்கலாம் என்று சேமித்து வைத்து அப்புறம் பார்க்கவே பார்க்காத யூடியூப் வீடியோக்கள்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். மொத்தம் 214 குறிப்புகள். பெயர், வகை, எங்கே இருக்கிறது, சைவமா அசைவமா, எத்தனை பேருக்கு என்று பத்திகள் பிரித்து, அகர வரிசையில் அடுக்கி, பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டாயிற்று. முதலில் அக்கார அடிசில், கடைசியில் ஹைதராபாத் பிரியாணி. பரீட்சையில் நூறு வாங்கிய மாதிரி அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அப்புறம் சிரித்தாள்.

"ஏலே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல நான் வைக்கிறது எதுலே?"

நான் பேனாவை எடுத்து அவளிடமே கேட்டுக் கேட்டு டிக் போட்டேன். 214-இல் அம்மா ஒரு தடவையாவது செய்து பார்த்தது 38. அடிக்கடி செய்வது 9. அக்கார அடிசிலும் ஹைதராபாத் பிரியாணியும் எங்கள் வீட்டு அடுப்பில் ஏறியதே இல்லை. சரி, நாங்கள் தினமும் சாப்பிடும் சாம்பார், ரசம், புளிக்குழம்பு, கூட்டு, துவையல்? டப்பாவைத் தலைகீழாகக் கொட்டித் தேடினேன். ஒரு வரிகூட இல்லை.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். தெரியாததைத்தானே எழுதி வைப்போம்? மணல் போட்ட குக்கரில் கேக் செய்வது அம்மாவுக்குத் தெரியாது, எழுதி வைத்தாள். ரசம் வைக்கத் தெரியும், எழுதவில்லை. ஆக நான் மூன்று நாள் கஷ்டப்பட்டு அடுக்கியது அம்மாவின் சமையலை இல்லை. அம்மா செய்ய ஆசைப்பட்டு நேரமில்லாமல் விட்டவற்றை. (இது அப்போது உறைக்கவில்லை. "சரி, அதையும் ஒருநாள் எழுதிருவோம்மா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.)

அந்த ஒருநாள் நாலாம் நாளே வந்தது. பின்வாசலில் துணி துவைக்கிற கல் பக்கம் சோப்புத் தண்ணீரில் அம்மா வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். எக்ஸ்ரே எடுத்ததில் வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

எங்கள் வீட்டில் மூன்றே பேர். நான் ஒரே பிள்ளை. லீவு முடிந்து நான் கோயம்புத்தூர் திரும்ப இன்னும் பத்து நாள். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் அப்பாவும் அம்மாவும் மட்டும். அப்பாவுக்குச் சமையலறையில் தெரிந்தது இரண்டு: டீ, ஆம்லெட். முதல் இரண்டு நாள் ஹோட்டல் பார்சல். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் குழம்பு கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பார்சல் இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டே அம்மா, "ஆறு வாரம் இதையா திங்க?" என்றாள். கை வலியைவிட அதுதான் அவளுக்குப் பெரிய வலியாக இருந்திருக்கும்.

அப்பாவே முன்வந்தார். "சொல்லுளா, நான் வைக்கேன்." நான் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். துவரம் பருப்பு தேவையான அளவு. புளி கொஞ்சம். உப்பு தேவைக்கு. கொதி வந்து "பதமா இருக்கும்போது" இறக்க வேண்டியது.

அப்பா அதை வாங்கிப் படித்தார். அப்பா தையல்காரர். முப்பது வருஷமாக மார்க்கெட் பக்கம் கடை.

"ஏலே, என்கிட்ட ஒருத்தன் வந்து, 'சட்டை தைக்கணும், துணி தேவையான அளவு, கை கொஞ்சம் நீளம், காலர் பதமா இருக்கட்டும்'னு சொன்னா நான் என்னத்தலே வெட்டுவேன்?"

பதில் இல்லை. சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய் நானூறு ரூபாய்க்கு ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கி வந்தேன். ஒரு கிராம் வரைக்கும் காட்டும்.

முதலில் டம்ளர். எல்லாக் குறிப்பிலும் "ஒரு டம்ளர்" என்று எழுதுகிறோம், யார் வீட்டு டம்ளர்? அம்மா அரிசி அளக்கும் எவர்சில்வர் டம்ளரைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். 210 கிராம். தண்ணீர் என்பதால் 210 மில்லி என்றே வைத்துக்கொள்ளலாம். அதே டம்ளரில் தலை தட்டிய அரிசி 180 கிராம். அப்பா காபி குடிக்கும் டம்ளர் 140 மில்லிதான் பிடிக்கிறது. அப்பா அதில் அளந்து சோறு பொங்கியிருந்தால், மூன்று பேருக்குப் போட்ட அரிசி இரண்டு பேருக்குத்தான் காணும்.

அடுத்தது புளி. நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு என்பதெல்லாம் கண்ணளவு. அம்மா "போதும்" என்று சொன்ன நெல்லிக்காய் 12 கிராம், எலுமிச்சை 30 கிராம். எந்த நெல்லிக்காய் என்று கேட்காதீர்கள், எங்கள் அம்மாவின் நெல்லிக்காய்.

கடைசியாக உப்பு. அம்மாவின் வலது கை கட்டில் இருக்கிறது. இடது கையில் எடு என்றால், "இந்தக் கைக்கு அளவு தெரியாதுலே" என்கிறாள். அதனால் என் உள்ளங்கையில் கல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினேன். சாம்பாருக்குப் போதும் என்று தோன்றும்போது அவள் நிறுத்தச் சொல்ல வேண்டும். தராசு அவள் கண்ணில் படாமல் ஐந்து தடவை செய்தேன். 9, 9, 8, 9, 10. வகுப்பில் இத்தனை ஒழுங்கான தரவை நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாக அம்மா "கொஞ்சம்" என்று சொன்னதைக் குத்துமதிப்பு என்றே நினைத்திருந்தேன். அவளுக்கு அது ஒன்பது கிராம்தான், நாங்கள்தான் கேட்கவில்லை.

அந்த எண்களை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா மெதுவாகச் சொன்னாள்: "உப்பு கூடிட்டு, குறைஞ்சிட்டுன்னு சொல்லுவீங்க. எவ்வளவு போட்டேன்னு ஒருத்தரும் இதுவரைக்கும் கேட்டதில்ல." அப்பா தராசைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும்தான்.

சரி, அளவு கிடைத்துவிட்டது, இனி என்ன என்று நினைத்தால் அப்பா வைத்த முதல் சாம்பார் வாயில் வைக்க முடியாத உப்பு. தராசில் நிறுத்து ஒன்பது கிராம்தான் போட்டார், நான் பக்கத்திலேயே நின்றேன். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எந்தப் புளிலே எடுத்தீங்க?" என்றாள். டப்பாவில் இருந்த புதுப்புளி தீர்ந்திருந்ததால் அப்பா ஜாடியில் இருந்த பழம்புளியை எடுத்திருக்கிறார். வருஷத்துக்கும் கெடாமல் இருக்க அதை உப்புப் போட்டுத்தான் அடைத்து வைப்பார்கள். அந்தப் புளியைக் கரைத்தால் அதோடு உப்பும் கரையும். பழம்புளி என்றால் அம்மாவின் கை தானாக உப்பைக் குறைத்துவிடும். அது அவளுக்கு ஒரு விஷயமாகவே தோன்றாததால் சொல்லவில்லை.

(உப்பு கூடினால் உருளைக்கிழங்கு போட்டால் இழுத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னதை நம்பி அதையும் போட்டோம். கிழங்கு குழம்புத் தண்ணீரை உப்போடு சேர்த்துத்தான் குடிக்கும். மிச்சம் இருக்கும் குழம்பு அதே உப்புதான். கடைசியில் இன்னும் கொஞ்சம் பருப்பு வேகவைத்துக் கொட்டி, தண்ணீர் விட்டு, ஆறு பேர் சாப்பிடும் அளவு சாம்பாரை இரண்டு நாள் சாப்பிட்டோம்.)

அன்றைக்குத்தான் அப்பா தன் அளவு நோட்டை எடுத்து வந்து காட்டினார். எல்லாத் தையல்காரரிடமும் இருக்கும் நீள நோட்டுதான். நான் சின்ன வயதிலிருந்து பார்த்தது, ஒருநாளும் படித்ததில்லை. அதில் சட்டை தனியாக, பேன்ட் தனியாக இல்லை. ஆள் ஆளாக இருக்கிறது. ஒவ்வொரு ஆளுக்கும் தேதி, அளவு, பக்கத்தில் சின்ன எழுத்தில் "இடது தோள் இறக்கம்", "வயிறு கூடுது, அரை இஞ்சு விடணும்", "வெள்ளிக்கிழமைக்குள் வேணும்". "எண்ணு மட்டும் இருந்தாப் பத்தாதுலே. அந்தச் சின்ன எழுத்துலதான் சட்டை உக்காரும்" என்றார்.

ஸ்பைரல் பைண்டிங்கை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். இந்தத் தடவை அகர வரிசை இல்லை, சைவம் அசைவம் இல்லை. சமையலறையில் நிற்கிறவன் என்ன யோசிப்பான்? "ச வரிசையில் என்ன இருக்கிறது" என்று யோசிக்க மாட்டான். "மணி ஏழரை, கடை திறக்கணும், என்ன வைக்க?" என்றுதான் யோசிப்பான். அதனால் நோட்டை இப்படிப் பிரித்தோம்:

1. கடை திறக்கிற நாள் (40 நிமிஷத்துக்குள் முடிகிறவை)
2. ஞாயிற்றுக்கிழமை
3. காய் ஒன்றும் இல்லாத நாள் (பருப்புத் துவையல், புளிக்குழம்பு, அப்பளக் குழம்பு)
4. உடம்பு சரியில்லாத நாள் (கஞ்சி, மிளகு ரசம்)
5. நேற்று மிச்சமானது (மாவு முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளித்தபின் பணியாரம்)

ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு பக்கம்தான். மேலே அளவு, கிராமில். நடுவில் செய்முறை. அதில் நிமிஷத்தோடு கூட, கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் என்ன தெரியும் என்பதும். "மூன்று நிமிஷம் வதக்கவும்" என்பது எங்கள் அடுப்புக்கு மூன்று, இன்னொரு அடுப்பில் ஐந்தாகும். "வெங்காயம் ஓரம் சிவக்கும்வரை" என்றால் எந்த அடுப்பிலும் ஒன்றுதான். கடுகு வெடிக்கும் சத்தம் ஓய்ந்ததும் உளுந்து. ரசம் கொதிக்கவே கூடாது, விளிம்பில் நுரை கட்டி நடுவுக்கு வரும்போது இறக்கணும். குழம்பில் எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நின்றால் போதும். கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி: என்ன தவறும், தவறினால் என்ன செய்வது. சாம்பார் பக்கத்தின் அடியில் அப்பா கையாலேயே எழுதினார்: "ஜாடிப் புளி என்றால் உப்பு பாதி போட்டு, ருசி பார்த்து மீதி."

அந்தப் பத்து நாளில் 17 பக்கம் தேறியது. 214 எங்கே, 17 எங்கே! ஆனால் அந்த 17-ஐயும் அப்பா கையால் ஒரு தடவையாவது செய்து பார்த்தோம். செய்யாத குறிப்பு நோட்டுக்குள் வரக்கூடாது என்பது அம்மா போட்ட சட்டம்.

இதில் ஒரு பழைய குறிப்பைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். டைரியின் கடைசிப் பக்கத்தில், ஆச்சி சொல்லச் சொல்ல அம்மா எழுதிய ஒரே குறிப்பு, உளுந்தஞ்சோறு. "அரைப்படி அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து" என்று இருந்தது. எனக்குப் படி தெரியும், உழக்கு தெரியாது. அப்பா விளக்கினார்: இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. அப்படியானால் அரைப்படி என்பது நாலு ஆழாக்கு, உழக்கு என்பது இரண்டு. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி உளுந்து. அம்மாவிடம் கேட்டால், "ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் உளுந்து" என்கிறாள். அதே கணக்கு!

நம் நாட்டில் மெட்ரிக் முறைக்கான எடை, அளவைச் சட்டம் வந்தது 1956-இல். படியும் உழக்கும் ஒவ்வொரு வீடாகப் பரணுக்குப் போயின. ஊருக்கு ஊர் படியும் ஒரே அளவில் இருந்ததில்லை. ஆனாலும் ஆச்சியின் படியிலிருந்து அம்மாவின் டம்ளருக்கும், அங்கிருந்து என் தராசுக்கும் அந்த இரண்டுக்கு ஒன்று என்கிற விகிதம் சிந்தாமல் வந்துவிட்டது. அதனால் நோட்டில் கிராமுக்குப் பக்கத்தில் விகிதத்தையும் எழுதினோம். தராசு பாட்டரி தீர்ந்தாலும் சோறு வேகும் அல்லவா?

எழுதி வைப்பது என்றதும் நினைவுக்கு வருவது எஸ். மீனாட்சி அம்மாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டே இருக்க, அவர் எழுதிய குறிப்புகள்தான் 1951-இல் "சமைத்துப் பார்" என்று புத்தகமாயின. இத்தனை வருஷம் கழித்தும் அது விற்கிறது. கேட்கிற ஆள் எதிரே இருந்ததால்தான் அப்படி எழுத முடிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. யாருக்கு என்று தெரியாமல் நான் அடுக்கிய 214 அலமாரியிலேயே இருக்கிறது. அப்பாவுக்கு என்று எழுதிய 17 அடுப்படியில் இருக்கிறது.

பத்தாம் நாள் ராத்திரி பஸ் ஏறினேன். முதல் வாரம் தினமும் போன். "மிளகாய்ப்பொடி காரம் கூடுதலே, இது போன தடவை அரைச்சது இல்ல" என்று ஒருநாள். "ரசம் கொதிச்சுட்டு, என்ன செய்ய?" என்று ஒருநாள். (ஒன்றும் செய்ய முடியாது, குடிக்க வேண்டியதுதான்.) இரண்டாம் வாரத்திலிருந்து போன் குறைந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது, மறுபடி பார்சலுக்குப் போய்விட்டார்களோ என்று. "நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா" என்றேன்.

சாம்பார் பக்கத்தை எடுத்து அனுப்பியிருந்தார். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை, ஒரு மூலையில் மஞ்சள் விரல் அடையாளம். நான் எழுதிய எண்களுக்கு மேல் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் வேறு எண்கள். பருப்பு 105-ஐ அடித்து 70. புளி 12-ஐ அடித்து 8. உப்பு 9-ஐ அடித்து 6. என்னடா இது, கணக்கு தப்பாகிவிட்டதா என்று ஒரு நிமிஷம் குழம்பினேன். அப்புறம் மேலே பார்த்தேன். "மூன்று பேருக்கு" என்று நான் எழுதியதையும் அடித்து, "2 பேர்" என்று எழுதியிருந்தார்.

நான் இருந்த பத்து நாளும் மூன்று பேருக்குத்தானே சமைத்தோம், அதையே எழுதிவிட்டேன். அந்த வீட்டில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் இரண்டு பேர்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஹாஸ்டல் மெஸ் வாசலில் நின்று அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. கனமான பாத்திரம் தூக்கக்கூடாது, மற்றபடி சமைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பா. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இப்போது அவர் பொறுப்பாம். நோட்டில் இப்போது 21 பக்கம் இருக்கிறது என்றார். கூடிய நாலும் என்னென்ன என்று கேட்டால், "வந்து பாரு" என்கிறார். வடகத்துக்கு ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறோம். சித்திரை வெயில் வராமல் அதைச் செய்து பார்க்க முடியாது, செய்து பார்க்காமல் எழுதவும் முடியாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருக்கும். அதை அடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். டப்பாவைத் திறக்கும் முன்னால், அதில் இல்லாதது என்ன என்று சமைக்கிறவரிடம் கேளுங்கள். அப்படியே வீட்டு டம்ளர் எத்தனை மில்லி என்றும் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் 210.